நாற்பது வருஷம் கேட்ட பாட்டு ட்ராக்கில் ஏன் நழுவுகிறது?

இலங்கை வானொலியிலும் விவித பாரதியிலும் கேட்டு, தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து மனப்பாடம் செய்து, கேசட் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்து வாங்கி, குளியலறையில் பாடிப் பழகிய ஒரு தலைமுறை இப்போது ஸ்மூல், ஸ்டார்மேக்கர் என்று கைப்பேசியின் கரோக்கிச் செயலிகளில் பாடிக்கொண்டிருக்கிறது. மேடை ஏற வாய்ப்பு அமையாதவர்களுக்கு ஐம்பது, அறுபது வயதில் கிடைத்த மேடை அது. ஆசையோடு வருகிறார்கள், பாட்டும் அத்துப்படி. ஆனால் பாடகரின் குரல் இல்லாமல் வாத்தியம் மட்டும் ஒலிக்கிற ட்ராக்கைப் போட்டதும் இரண்டாவது வரியிலேயே தடம் மாறுகிறது, சரணத்தில் குரல் கீச்சிடுகிறது. பதிவைக் கேட்டுவிட்டு "நமக்கு இது சரிப்படாது" என்று செயலியையே அழித்துவிடுகிறவர்களும் உண்டு.

கோளாறு பெரும்பாலும் குரல்வளத்தில் இருப்பதில்லை. இத்தனை வருஷமும் பாடியது அசல் பாடகரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு. எங்கே எடுப்பது, எங்கே மூச்சு விடுவது, எந்த எழுத்தை எவ்வளவு இழுப்பது என்பதை எல்லாம் அவரே பார்த்துக்கொண்டார். கரோக்கி அவரை எழுப்பி வெளியே அனுப்பிவிடுகிறது. பாட்டு மறந்துபோகவில்லை, தாங்கிப் பிடித்த ஆள்தான் இல்லை.

பெயரிலேயே அது இருக்கிறது. ஜப்பானிய மொழியில் 'கரா' என்றால் வெறுமை, 'ஓகே' என்பது ஆர்க்கெஸ்ட்ராவின் சுருக்கம். 1971-இல் கோபே நகரத்து வாத்தியக்காரர் டைசுகே இனோவே, கார் ஸ்டீரியோ, காசு போடும் பெட்டி, மைக் மூன்றையும் சேர்த்து மது விடுதிகளுக்காக ஒரு பெட்டி செய்தார். காப்புரிமை வாங்கவில்லை. 2004-இல் அவருக்கு நோபலைக் கேலி செய்யும் இக் நோபல் பரிசு கொடுத்தார்கள், அதுவும் அமைதிக்காக! பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேட்டிருந்தால் வேறு பரிசு சொல்லியிருப்பார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது கட்டை, அதாவது பாடுகிற சுருதியின் உயரம். மெல்லிசைக் குழுக்காரர்கள் பாடகரிடம் முதலில் கேட்கிற கேள்வியே "எத்தனை கட்டை?" என்பதுதான். வீட்டில் பாடுகிறவர்கள் யாரும் தங்களையே இப்படிக் கேட்டுக்கொள்வதில்லை. அசல் பாட்டு எந்தச் சுருதியில் இருக்கிறதோ அதில்தான் பாட வேண்டும் என்று மனசு பழகியிருக்கிறது. அந்தச் சுருதி, அந்தப் பாடகரின் முப்பது வயதுக் குரலுக்கென்று இசையமைப்பாளர் தேர்ந்தெடுத்தது. உங்கள் தொண்டையை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆர்மோனியத்தில் 1 கட்டை என்பது ஸி. ஒன்றரை ஸி ஷார்ப், 2 டி, இரண்டரை டி ஷார்ப், 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. 3-க்கும் 4-க்கும் நடுவிலும், 7-க்கும் மேல் 1-க்கும் நடுவிலும் கறுப்புக் கட்டை கிடையாது, அவை அடுத்தடுத்த சுரங்கள். செயலியில் 'கீ' பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் நகர்வது பெரும்பாலும் இப்படி அடுத்தடுத்த இரண்டு சுரங்களுக்கு நடுவில் உள்ள தூரம், அதைத்தான் அரைக் கட்டை என்கிறேன் (3-இலிருந்து 4-க்குப் போவதும் அரைக் கட்டையே). கர்னாடகக் கச்சேரிகளில் ஆண்கள் 1 முதல் இரண்டரைக் கட்டைக்குள்ளும், பெண்கள் நாலரை முதல் 6 கட்டைக்குள்ளும் பாடுவது வழக்கம். சினிமாப் பாட்டுக்கு இது போதாது. ஆதார சட்ஜமம், அதாவது 'ஸ', எங்கே என்பதைவிட, பாட்டு தொடுகிற உச்ச சுரமும் கடைசிக் கீழ் சுரமும் எவை என்பதே முக்கியம்.

அதைக் கண்டுபிடிக்கக் பாடுகிற சுரத்தின் பெயரைக் காட்டும் ஒரு இலவச ட்யூனர் செயலி கைப்பேசியில் இருந்தால் போதும். கத்தாமல், கழுத்து நரம்பு புடைக்காமல், 'ஆ' என்று ஏற்றிக்கொண்டே போங்கள். மூன்று தடவை தொடர்ந்து நின்று பாட முடிகிற கடைசிச் சுரமே உங்கள் உச்சம். ஒரே ஒரு தடவை எட்டிப் பிடித்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதேபோல் கீழே இறங்கி, குரல் காற்றாகிப் போகாமல் நிற்கிற கடைசிச் சுரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சியில்லாத ஆண்குரலுக்கு ஏறக்குறைய ஏ2-இலிருந்து ஈ4 அல்லது எஃப்4 வரை வரும் (எழுத்து சுரத்தையும், பக்கத்து எண் ஸ்தாயியையும் குறிக்கும், கட்டையை அல்ல).

இனி பாட்டுக்கு வாருங்கள். இங்கே எல்லோரும் செய்கிற தப்பு, பல்லவியைப் பாடிப் பார்த்துவிட்டு "சுருதி சரியாக இருக்கிறது" என்று பதிவுப் பொத்தானை அழுத்துவது. பல்லவி கேட்கிறவரை அழைக்கிற இடம், பெரும்பாலும் நடு ஸ்தாயியிலேயே உலவும். உச்சம் சரணத்தின் மூன்றாவது, நாலாவது வரியில் காத்திருக்கும். அந்த வரியை மட்டும் தனியாக எடுத்து, உச்ச சுரத்தை நீங்கள் முனகிப் பார்த்தாலே ட்யூனர் காட்டிவிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பாட்டு பி2-இல் தொடங்கி ஜி4 வரை போகிறது. உங்கள் எல்லை ஏ2 முதல் ஈ4 வரை. உச்சத்தை ஈ4-க்குக் கொண்டுவர மூன்று அரைக் கட்டை இறக்க வேண்டும். இறக்கினால் கீழ்ச் சுரம் ஜி ஷார்ப் 2 ஆகிவிடுகிறது, அது உங்கள் எல்லைக்குக் கீழே. பல்லவி முழுக்க முணுமுணுப்பாகப் போய்விடும். இரண்டு இறக்கினால் கீழே ஏ2 சரியாக உட்காரும், மேலே எஃப்4 வரும், அது உங்கள் எல்லைக்கு அரைக் கட்டை கூடுதல். நான் இரண்டைத்தான் சொல்வேன். உச்ச சுரம் பாட்டில் இரண்டு மூன்று இடத்தில் வரும், கீழ் சுரமோ பல்லவி திரும்பும்போதெல்லாம் வரும். மேலே அந்தச் சில இடங்களில் ஒலியைக் குறைத்து, குரலை மெலிதாக்கித் தொட்டுவிட்டு வந்துவிடலாம். கீழே அப்படி ஏமாற்ற வழியில்லை.

வயதும் கணக்கில் வரும். அறுபதைத் தாண்டும்போது பெண்களின் குரல் கொஞ்சம் கீழே இறங்குவதும், ஆண்களின் குரல் மெலிந்து லேசாக மேலே போவதும் இயல்பு. இருபது வயதில் ஐந்தரைக் கட்டையில் பாடியவர் அறுபத்தைந்தில் நாலரைக்கு வந்தால் அதில் குறை ஒன்றுமில்லை. பழைய கட்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சு முட்டுவதுதான் பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

ஆண் பாடிய பாட்டைப் பெண் பாட நினைத்தால் விஷயம் சிக்கலாகிறது. 2 கட்டையில் உள்ள பாட்டை 5 கட்டைக்கு ஏற்ற வேண்டுமானால் ஐந்து அரைக் கட்டை மேலே போக வேண்டும், அல்லது 6 கட்டைக்காக ஐந்து அரைக் கட்டை கீழே இறக்கிக்கொண்டு, குரலை ஒரு ஸ்தாயி மேலே வைத்துப் பாட வேண்டும். இரண்டிலும் ட்ராக் கெட்டுப்போகும். இரண்டு அரைக் கட்டை வரை நகர்த்தினால் காதுக்குப் பெரிதாகத் தெரியாது. மூன்றில் தபலா சொதசொதவென்று ஆகும். ஐந்தில் வயலின் கூட்டம் பொம்மை வாத்தியம் மாதிரி கேட்கும். இப்படிப்பட்ட பாட்டுக்கு, கீபோர்டில் புதிதாக வாசித்துத் தயாரித்த ட்ராக்கைத் தேடுவதே நல்லது.

கீ மாற்றும் பொத்தான் இல்லாத செயலியில் 'லோ பிட்ச்', 'லோ ஸ்கேல்' என்று பெயரிட்டு யாராவது ஏற்றியிருப்பார்கள், தேடிப் பாருங்கள். இல்லையென்றால் கணினியில் ஆடாசிட்டி என்கிற இலவச மென்பொருளில் 'சேஞ்ச் பிட்ச்' என்ற விளைவைத் திறந்து, செமிடோன் (அரைக் கட்டை) கட்டத்தில் மைனஸ் 2 என்று போட்டு, உயர்தர நீட்டிப்புக்கான கட்டத்தையும் டிக் செய்துகொள்ளுங்கள். பக்கத்திலேயே 'சேஞ்ச் ஸ்பீட்' என்று தொடங்கும் இன்னொன்று இருக்கும், அதைத் தொட்டால் சுருதியோடு வேகமும் குறைந்து பாட்டு தூங்கிவிடும்.

ட்ராக்கின் தரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய முறையில் குரலை நீக்குவது என்றால், ஸ்டீரியோவின் ஒரு பக்கத்தை மறு பக்கத்திலிருந்து கழிப்பது. நடுவில் வைத்த குரல் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் கழிந்துவிடும். கூடவே நடுவில் இருந்த பேஸ் கிட்டாரும் டிரம்மும் கழிந்துவிடும், குரலின் எதிரொலி மட்டும் பேய் மாதிரி மிச்சம் நிற்கும். மோனோவில் பதிவான பழைய பாட்டுகளில் இந்த வித்தை பலிக்கவே பலிக்காது, இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால் கழித்தால் மிஞ்சுவது நிசப்தம். 2019-இல் டீசர் என்ற இசை நிறுவனம், குரலையும் வாத்தியத்தையும் பிரிக்கும் ஸ்ப்ளீட்டர் என்ற கருவியை வெளியிட்டது. அதுவும் டெமுக்ஸ் போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் மோனோவிலும் குரலைப் பிரிக்கின்றன. ஆனால் குரலோடு ஒட்டி வாசிக்கும் புல்லாங்குழலையும் சோலோ வயலினையும் அவை சில இடங்களில் குரல் என்று நினைத்து விழுங்கிவிடும். கோரஸும் போய்விடும். ட்ராக்கைத் தேர்ந்தெடுக்கும்போது தொடக்கத்தை மட்டும் கேட்காமல், கோரஸ் வரும் இடத்தையும் ஹம்மிங் இடத்தையும் கேட்டுப் பாருங்கள்.

78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துச் சொச்சம்தான் இடம். அதனால் படத்தில் உள்ள ஒரு சரணம் தட்டில் இல்லாமல் போன பாட்டுகள் உண்டு. வானொலியில் கேட்டுப் பழகியவருக்கு, படத்திலிருந்து எடுத்த ட்ராக்கில் திடீரென்று ஒரு கூடுதல் சரணம் வந்து நிற்கும். முழு ட்ராக்கையும் ஒரு தடவை ஓடவிட்டுக் கேட்காமல் பாட உட்காராதீர்கள். பழைய பதிவுகள் டேப்பின் வேகத்தால் கீபோர்டு சுருதியோடு ஒட்டாமல் கால் கட்டை தள்ளி நிற்பதும் சகஜம். கீபோர்டில் சுருதி பிடித்துப் பழகிவிட்டு அந்த ட்ராக்கில் பாடினால், பாட்டு முழுக்கச் சன்னமாக அபசுருதி அடித்துக்கொண்டே இருக்கும். பழகுவதும் அந்த ட்ராக்கிலேயே இருக்கட்டும்.

அடுத்தது தாமதம். தாளம் விலகுகிறது என்று திட்டு வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்குத் தாளம் சரியாகவே இருக்கும். குற்றவாளி ப்ளூடூத் இயர்போன். கைப்பேசியிலிருந்து புறப்பட்ட ஒலி சுருக்கப்பட்டு, காற்றில் போய், விரிந்து காதுக்குள் விழ 100 முதல் 300 மில்லிவினாடி வரை ஆகும். நிமிஷத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டுக்கு அரை வினாடி, அதாவது 500 மில்லிவினாடி. 200 மில்லிவினாடி தாமதம் என்றால் தட்டில் ஐந்தில் இரண்டு பங்கு. நீங்கள் காதில் கேட்ட தபலாவுக்குச் சரியாகப் பாடியிருப்பீர்கள், பதிவில் அந்தத் தபலா எப்போதோ போய்விட்டிருக்கும்.

ப்ளூடூத்தில் இன்னொரு வம்பும் உண்டு. அதன் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தினால் பல கருவிகள் தொலைபேசிப் பேச்சுக்கான முறைக்குத் தாவிவிடும். ட்ராக்கும் குரலும் டிரங்க் கால் மாதிரி கேட்கும். விலை எவ்வளவு கொடுத்து வாங்கியதானாலும் பாடுவதற்கு ப்ளூடூத் வேண்டாம், கம்பி வைத்த இயர்போனே உத்தமம். 3.5 மில்லிமீட்டர் துளை இல்லாத கைப்பேசிக்கு, டைப்-ஸி இணைப்பியில் உள்ளே டிஏசி சிப் (டிஜிட்டல் தகவலை ஒலி சமிக்ஞையாக மாற்றுவது) உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். வெறும் கம்பியை மட்டும் மாற்றித் தரும் மலிவான இணைப்பி எல்லாக் கைப்பேசியிலும் வேலை செய்வதில்லை. ஜாக்கில் மூன்று கறுப்பு வளையம் இருந்தால் மைக் உள்ளது, இரண்டு இருந்தால் கேட்க மட்டுமே.

கம்பி போட்ட பிறகும் கொஞ்சம் தாமதம் மிஞ்சும். அதற்கென்றே பதிவு முடிந்ததும் குரலை முன்னும் பின்னும் நகர்த்தும் ஒரு பட்டை செயலியில் இருக்கும். பாட்டைக் கேட்டுக்கொண்டே குத்துமதிப்பாக நகர்த்தினால் குழப்பமே மிஞ்சும். அதற்குப் பதில், தாளம் தெளிவாக விழும் ஒரு ட்ராக்கை எடுத்து, பாடாமல், மைக்கின் மேல் விரல் நகத்தால் தபலாவோடு சேர்த்துப் பத்து வினாடி தட்டிப் பதிவு செய்யுங்கள். பிறகு உங்கள் தட்டும் தபலாவும் இரட்டையாகக் கேட்காமல் ஒரே சத்தமாக ஆகும் வரை பட்டையை நகர்த்துங்கள். அங்கே நிற்கும் எண்ணை ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். அதே கைப்பேசி, அதே இயர்போன், அதே செயலி என்றால் அந்த எண் ஏறக்குறைய மாறாது. செயலி புதுப்பிக்கப்பட்டால் மறுபடி ஒரு தடவை தட்டிப் பாருங்கள்.

பாடும்போதே உங்கள் குரலை உங்களுக்குத் திருப்பிக் கேட்கச் செய்யும் வசதியும் செயலிகளில் உண்டு. கம்பி இயர்போனில் அது உடனுக்குடன் கேட்டால் வைத்துக்கொள்ளலாம். சற்றே பிந்திக் கேட்டாலும் அணைத்துவிடுங்கள். தன் குரலே தாமதமாகக் காதில் விழுந்தால் நாக்கு தானாகவே தயங்கும், பாட்டு இழுபடும். அணைத்துவிட்டு, ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டி, மறு காதைத் திறந்து வையுங்கள். சுருதி சேர்ந்திருக்கிறதா என்பதை அந்தத் திறந்த காது சொல்லிவிடும். கழற்றிய பக்கத்தைச் சட்டைக்குள் செருகி மூடிவிட வேண்டும், தொங்கவிட்டால் ட்ராக் அதன் வழியே கசிந்து மைக்கில் இரண்டாவது தடவை ஏறி, தகர டப்பாவுக்குள் பாடிய மாதிரி ஆகும்.

பதிவில் கேட்கிற குரல் அந்நியமாக இருப்பதற்குக் கைப்பேசியைக் குறை சொல்லக் கூடாது. நாம் பாடும்போது நம் குரலைக் காற்று வழியாகவும் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் சேர்த்துக் கேட்கிறோம். எலும்பு கொடுக்கும் கனம் பதிவில் கிடையாது, அதனால் மெலிந்து தெரிகிறது. ஊர் முழுக்க இத்தனை நாளும் கேட்டது அந்த மெலிந்த குரலையே. பத்துப் பதினைந்து பதிவு கேட்டால் பழகிவிடும். பழகும் வரை எந்தப் பதிவையும் நல்லது, கெட்டது என்று தீர்ப்பு சொல்லாமல் இருப்பது நல்லது.

மைக் விஷயத்தில் பணத்தைக் கொட்ட வேண்டாம். இயர்போன் கம்பியில் உள்ள சின்ன மைக்கே முதல் ஆறு மாதத்துக்குப் போதும். அதை வாய்க்கு நேரே பிடித்தால் 'ப', 'ப்ப' வரும்போதெல்லாம் காற்று மோதிப் 'புப்' என்று வெடிக்கும். மோவாய்க்கு நாலு விரற்கடை கீழே, கொஞ்சம் பக்கவாட்டில், சட்டையில் உரசாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தனி மைக் வாங்குவதென்றால் கண்டென்சர் மைக் அறையில் உள்ள அத்தனை சத்தத்தையும் வாரிக்கொள்ளும் என்பதை மறக்க வேண்டாம். மின்விசிறி, குக்கர் விசில், தெருவில் போகும் காய்கறி வண்டி எல்லாம் உங்களோடு சேர்ந்து பாடும். சத்தமான வீட்டுக்கு டைனமிக் மைக்கே மேல், வாயருகே வைத்துப் பாடலாம். ஒலி அளவைச் சரணத்தின் உச்ச வரியைப் பாடிச் சரிசெய்யுங்கள், பல்லவியில் வைத்த அளவு அங்கே போனதும் பிளந்துவிடும். உச்சத்தில் மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் இருந்தால் நிம்மதி.

வெறும் சுவரைப் பார்த்து நின்று பாடாதீர்கள். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதன் முன்னால் நின்றால் எதிரொலி அடங்கிவிடும். சார்ஜரைக் கழற்றிவிடுங்கள், சில வீடுகளில் அதன் வழியாகவே 'ம்ம்ம்' என்ற இரைச்சல் ஏறும்.

இனிப் பாட்டுக்குள் போவோம், அசல் பாடகர் விட்டுப்போன வேலைகளை ஒவ்வொன்றாக நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய இடம் இது. பாட்டு வரிகளை உங்கள் கையால், தமிழில், ஒரு நோட்டில் எழுதுங்கள். செயலியில் ஓடும் வரிகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் இருக்கும், யாரோ காதால் கேட்டு அடித்தது. 'வலி'யும் 'வழி'யும் அதில் சில சமயம் ஒன்றுபோல இருக்கும். 'கலை'யா 'காலை'யா 'களை'யா என்று அந்த நொடியில் யோசிக்க நேரமிருக்காது. எழுதும்போதே ழகர, ளகர, றகரங்கள் மனசில் ஊன்றிவிடும்.

எழுதிய வரியில் மூச்சு விடும் இடத்தில் ஒரு சாய்கோடு போடுங்கள். அசல் பாடகரின் மூச்சை அப்படியே நகலெடுக்க வேண்டியதில்லை, அவருடைய நுரையீரல் வேறு. விதி ஒன்றே: சொல்லின் நடுவில் மூச்சு கூடாது. 'கண்மணியே' என்பதைக் 'கண்' என்று நிறுத்தி மூச்சிழுத்து 'மணியே' என்றால் கேட்கிறவர் முகம் சுளிப்பார். முழு வரிக்கு மூச்சு போதவில்லையென்றால் முந்தைய வரியின் கடைசி எழுத்தைக் கொஞ்சம் சீக்கிரம் முடித்துவிட்டு, அங்கே திருடுங்கள். இழுக்கும் சுரத்தில் உயிரைத்தான் இழுக்க வேண்டும், மெய்யை அல்ல. 'வந்தேன்' என்றால் 'தே'-யில் நின்றுவிட்டு, முடிக்கும்போது 'ன்' என்று வாயை மூட வேண்டும். முதலிலேயே 'ன்'னுக்குப் போய்விட்டால் மூக்கால் பாடுகிறார் என்பார்கள். குறிலை நீட்டும் இடத்திலும் ஜாக்கிரதை தேவை, 'மனம்' கொஞ்சம் கூடுதலாக நீண்டால் 'மானம்' போய்விடும்.

பாட்டை எடுக்கும் இடமே பலருக்குக் கண்டம். வரி நிறம் மாறும்போது தொடங்கலாம் என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிந்திவிடுவோம், நிறம் மாற்றியவரும் ஒரு ரசிகரே. தபலாவை நம்புங்கள். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் பிஜிஎம்-மை (வாத்திய இடையிசையை) நாலு நாலு தட்டாக விரலில் எண்ணி, எத்தனை சுற்று என்று நோட்டில் குறித்துவையுங்கள். எட்டுச் சுற்று என்றால் 32 தட்டு, நிமிஷத்துக்கு 100 தட்டு ஓடும் பாட்டில் அது சுமார் 19 வினாடி. கடைசிச் சுற்றில் எந்த வாத்தியம் வருகிறது என்பதையும் எழுதிக்கொண்டால், அது கேட்டதும் மூச்சை நிரப்பிக்கொள்ளலாம். சில பாட்டுகளில் தாளம் விழுந்து அரைத் தட்டு கழித்தே பாட்டு தொடங்கும். சங்கீதம் படித்தவர்கள் எடுப்பு என்று சொல்வது இதைத்தான். அந்த அரைத் தட்டில் தலையை லேசாக அசைத்துவிட்டு எடுத்தால் தப்பாது.

இவ்வளவையும் ஒரே உட்காரலில் செய்ய முடியாது. ஒரு பாட்டுக்கு மூன்று நாள் கொடுங்கள். முதல் நாள் பாடாமல் கேட்பது மட்டும், அதுவும் குரலை விட்டுவிட்டு வாத்தியங்களைக் கேட்பது. இரண்டாம் நாள் ட்ராக்கில் வார்த்தைகளைப் பாடாமல் வெறும் 'ஆ'காரத்தில் மெட்டை மட்டும் பாடுவது. அசல் பாடகர் மறைத்துவைத்த சறுக்கல்கள் அத்தனையும் அங்கே தெரியும், எந்தச் சங்கதி, அதாவது மெட்டில் வரும் எந்த வளைவு நெளிவு, உங்களுக்கு வரவேயில்லை என்பதும் தெரியும். வராத சங்கதியை விட்டுவிட்டு நேராகப் பாடிவிடலாம், யாரும் வழக்குப் போட மாட்டார்கள். மூன்றாம் நாள் வார்த்தையோடு பாடிப் பதிவு செய்யுங்கள்.

பதிவான பிறகு வரும் எஃபெக்ட் பட்டியலில் மனசு தடுமாறும். எக்கோவைக் கூட்டினால் பிசிறு மறையும், வார்த்தையும் சேர்ந்து மறையும். கால் பங்குக்கு மேல் போகாதீர்கள். சுருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோட்யூன் வகை எஃபெக்டை நம் பாட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதும், காந்தாரத்தை அசைத்துப் பாடுவதும் அதற்குத் தப்பாகவே தெரியும். அருகில் உள்ள கட்டைக்கு இழுத்து இழுத்து நிறுத்தும், கமகம் படிக்கட்டாகிவிடும். கடைசியில் குரல், ட்ராக் இரண்டின் ஒலி அளவையும் இயர்போனில் அல்லாமல் கைப்பேசியின் ஸ்பீக்கரில் கேட்டு முடிவு செய்யுங்கள். கேட்கப்போகிறவர்களும் அதில்தான் கேட்பார்கள்.

டூயட் என்றால் முதலில் பாடி அழைப்பு விடுகிறவருக்குப் பொறுப்பு கூடுதல். அவருடைய குரல் 100 மில்லிவினாடி பிந்தியிருந்தால், சேர்ந்து பாட வருகிறவர் அவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் பிந்துவார். அதனால் நகத்தால் தட்டிச் சரிசெய்த எண்ணைப் போட்ட பிறகே அழைப்பை வெளியிட வேண்டும். மற்றவருடைய வரி ஓடும்போது கூடவே முனகக் கூடாது, மூச்சுச் சத்தமும் கேட்கக் கூடாது, மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்காகக் கட்டையை இறக்கியிருந்தால் அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். ஆணுக்கு வசதி என்று மூன்று அரைக் கட்டை இறக்கிய டூயட்டில், பெண்குரல் பல்லவியில் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். இரண்டுக்கு மேல் இறக்காமலிருப்பது மரியாதை.

தொண்டை விஷயம் சுருக்கமாக. கனைத்துக்கொண்டே இருக்காதீர்கள், ஒரு மிடறு தண்ணீர் குடித்து விழுங்குங்கள். பாடத் தொடங்கும் முன், அரை டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டுக் குமிழி வரும்படி ஐந்து நிமிஷம் மெட்டை முனகுவது நல்ல தயாரிப்பு. குரல்நாண் மேல் அழுத்தம் விழாமல் அது அதைத் தளர்த்திவிடும். வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு பாடினால் ஏப்பமும் புளிப்பும் மேலேறிக் கரகரக்கும், இரண்டு மணி நேரமாவது கழியட்டும். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் கஷாயத்தை நிறுத்திவிட்டுக் காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

வெளியிட்டதும் "சூப்பர்", "அருமை", பூங்கொத்துப் படம் எல்லாம் வந்து குவியும். அங்கே எல்லோரும் எல்லோருக்கும் அதைத்தான் போடுகிறார்கள், அது ஒரு வணக்கம், அவ்வளவே. சுருதி இறங்கிய வரியைப் பெயர் சொல்லிக் காட்டுகிற ஓர் ஆள் கிடைத்தால் விடாதீர்கள். யூடியூபிலும் போடுவதாக இருந்தால், இசை நிறுவனத்தின் உரிமைக் கோரிக்கை தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகும், சில பாட்டுகள் சில நாடுகளில் திறக்காது. பொழுதுபோக்குக்குப் பாடுகிறவர் அதற்குப் பதற வேண்டியதில்லை.

செயலியில் உள்ளது நிரந்தரம் என்று நம்பிவிடாமல் பிடித்த பதிவுகளைக் கணினிக்கும் இறக்கிவையுங்கள். கோப்பின் பெயரில் பாட்டின் முதல் சொல், இறக்கிய கட்டை, தாமத எண், தேதி நான்கையும் சேர்த்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே பாட்டை மறுபடி பாட உட்காரும்போது, மைனஸ் இரண்டா மூன்றா என்று முதலிலிருந்து தேட வேண்டியிருக்காது.